நீங்கள் எழுந்து போன பிறகு

ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா பையன் போன் பண்ணினான். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவனுக்கு இன்டர்வியூ. படிப்பு முடித்த பிறகு இது மூன்றாவது. முதல் இரண்டும் கைகூடவில்லை.

“சித்தி, முதல் முப்பது செகண்ட்லயே முடிவு பண்ணிடுவாங்களாமே, நிஜமா?”

“யாருடா சொன்னா?”

“ஒரு வீடியோல சொன்னாங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காந்து எத்தனையோ பேரைப் பாத்திருக்கீங்கல்ல, நீங்களே சொல்லுங்க.”

பார்த்திருக்கிறேன்தான். நான் ஸ்டோர்ஸ் ஆள். பதினெட்டு வருஷமாகச் சரக்குக் கிடங்கு வேலை. கடைசி பதினோரு வருஷமாக எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் பேனலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். குத்துமதிப்பாக முந்நூறு பேரையாவது எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருப்பேன். அதற்கு முன்னால் நானே எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நன்றாகச் சொதப்பியிருக்கிறேன். அன்று ராத்திரி அவனிடம் சொன்னதையும், அவனைத் தூங்கப் போகச் சொன்ன பிறகு எனக்குத் தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த முப்பது செகண்ட். முகத்தைப் பார்த்ததும் மனசு ஏதோ ஒன்றை எழுதிக்கொள்கிறது என்பது பொய் இல்லை. வில்லிஸ், டோடரோவ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு முகத்தை 100 மில்லிசெகண்ட், அதாவது ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பகமானவரா, திறமைசாலியா என்று ஜனங்கள் ஓர் அபிப்பிராயத்துக்கு வந்துவிடுகிறார்கள். அதிக நேரம் கொடுத்தால் அந்த அபிப்பிராயம் பெரிதாக மாறுவதில்லை, அதன் மேலுள்ள நம்பிக்கைதான் கூடுகிறது. படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. நானும் அப்படித்தான்.

ஆனால் ஓர் அபிப்பிராயம் வருவது வேறு, வேலைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு கட்டுவது வேறு. நிஜ நேர்காணல்கள் 600-க்கு மேல் வைத்துக்கொண்டு, “நீங்கள் எப்போது முடிவெடுத்தீர்கள்?” என்று கேள்வி கேட்டவர்களையே கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. முதல் நிமிஷத்திலேயே முடிவெடுத்தவை சுமார் 5 சதவீதம். ஐந்து நிமிஷத்துக்குள் என்று கணக்கெடுத்தாலும் ஏறக்குறைய 30 சதவீதம்தான். மீதி எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் அறையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். உள்ளே வந்த உடனே பிடித்துப்போய், பத்தாவது நிமிஷத்தில் வேண்டாம் என்று ஆகிப்போன ஆட்கள் நிறைய. தலைகீழாகவும் நடக்கும். அதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

“அப்ப பாடி லாங்குவேஜ்? நாம சொல்ல வர்றதுல 93 பர்சென்ட் அதுதான்னு அதே வீடியோல...”

இந்த 93 எனக்கு அலர்ஜி. எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் ஸ்லைடில் வந்து நிற்கும். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்பவர் 1967-இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு குரலில் சொல்ல வைத்து, முகபாவப் படங்களையும் சேர்த்துக் காட்டி, ‘இவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா’ என்று கேட்ட சோதனை. விருப்பு வெறுப்பைத் தவிர மற்ற பேச்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். ஸ்டாக் எண்ணிக்கை ஏன் இடித்தது என்று நான் கேட்கும்போது இன்டர்வியூவுக்கு வந்தவர் கை மடியில் இருக்கிறதா மேஜைமேல் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. பதிலைத்தான் கேட்கிறேன். குளித்துவிட்டு வா, சட்டை கசங்காமல் இருக்கட்டும், பத்து நிமிஷம் முன்னால் வந்து உட்கார், போனை அணைத்து வை. தோற்றத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

சரி, பிறகு எதுதான் மனசில் நிற்கிறது? இதற்கு எங்கள் அறைக்குள் நடப்பதைச் சொன்னால்தான் புரியும்.

நீங்கள் “தேங்க்யூ” சொல்லிவிட்டு எழுந்து போகிறீர்கள். கதவு சாத்துகிறது. ஐந்து நிமிஷத்தில் அடுத்த ஆள். ஒரு நாளில் ஏழெட்டுப் பேர். சாயந்திரம் நாலரை மணிக்கு எல்லாத் தாளையும் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று பேர் உட்காருவோம். அப்போது யாருடைய பெயரும் ஞாபகம் இருக்காது. இது அலட்சியம் இல்லை, நிஜமாகவே இருக்காது. “அந்த நீலச் சட்டை...” என்று ஆரம்பிப்போம், நீலச் சட்டையில் இரண்டு பேர் வந்திருப்பார்கள். பிறகு ஒருத்தர், “அதாம்பா, டிரைவரோட சண்டை போட்டு லோடைத் திருப்பி அனுப்புச்சே, அந்தப் பொண்ணு” என்பார். உடனே மூன்று பேருக்கும் முகம் வந்துவிடும். அந்தச் சாயந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு ஆளும் ஒரு சம்பவமாகத்தான் திரும்பி வருகிறார். “கடின உழைப்பாளி, டீம் பிளேயர்” என்று யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சம்பவம் இல்லாதவரின் தாளை எடுத்து, “இவர் யாரு?” என்று ரெஸ்யூமே போட்டோவைப் பார்ப்போம். பார்த்தாலும் ஒன்றும் வராது.

தலைகீழாக நடந்ததைச் சொல்கிறேன் என்றேனே, அது ஆயில் சீல் கதை. ஆயில் சீல் என்றால் மெஷினில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம்.

ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு ஒரு பையன் வந்தான். உள்ளே வரும்போதே சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. “உங்களைப் பத்தி சொல்லுங்க” என்றதும் நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தான். என் பக்கத்தில் இருந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பேனாவை மூடிவிட்டார். எங்கள் பேனலில் பேனா மூடுவது கெட்ட சகுனம். எங்கள் தாளில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு. கணக்கில் இருக்கும் சரக்கும் ரேக்கில் இருக்கும் சரக்கும் ஒத்துப்போகாத சந்தர்ப்பம் வந்திருக்கிறதா, என்ன செய்தீர்கள்? அதைக் கேட்டேன்.

“வந்திருக்கு மேடம். ஆயில் சீல். சிஸ்டத்துல 5 காட்டுச்சு. ரேக்ல 225 இருந்துச்சு.”

வழக்கமாக இந்தக் கேள்விக்கு எல்லாரும் குறைந்த கதைதான் சொல்வார்கள். இவன் கூடின கதை சொன்னான். எனக்குக் காது நிமிர்ந்தது.

“கூடுதலாத்தானே இருந்துச்சு? அதனால என்ன?”

“சரக்கு குறைஞ்சா எல்லாரும் கத்துவாங்க மேடம், கூடினா யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா சிஸ்டத்துல 5னு இருக்கறதால பர்சேஸ்ல புது ஆர்டர் போடத் தயாராயிட்டாங்க. தேவையே இல்லாம பணம் மாட்டிக்கும். அதான் ஆர்டரை ஒரு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டு, பின் கார்டை எடுத்துப் பாத்தேன்.”

பின் கார்டு என்றால் ரேக்கில் தொங்கும் அட்டை. வந்தது, போனது, இருப்பு மூன்றும் அதில் கையால் எழுதியிருக்கும். அதைப் பார்த்தான், சரக்கு வெளியே போகும்போது எழுதும் இஷ்யூ ஸ்லிப்புகளைப் பார்த்தான், கடைசியில் சப்ளையர் பில்லையும் சரக்கு வந்தபோது போட்ட வரவுச் சீட்டான ஜி.ஆர்.என்.னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பில்லில் 20 என்று இருந்தது. அது 20 பெட்டி. பெட்டிக்கு 12. ஆக வந்தது 240. ஆனால் ஜி.ஆர்.என். போட்டவர் ‘எண்ணிக்கை’ என்ற இடத்தில் 20 என்றே அடித்துவிட்டார். அதன் பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு 15 சீல் ஒவ்வொன்றாக வெளியே போயிருக்கிறது. சிஸ்டம் 20-இல் 15-ஐக் கழித்து 5 என்கிறது. ரேக்கில் 18 பெட்டியும் 9 உதிரியும், 225.

இதை அவன் சொல்லும்போது தரையைப் பார்க்கவில்லை. மேஜைமேல் விரலால் பெட்டி வரைந்து காட்டினான். வியர்வை எங்கே போனதென்று தெரியவில்லை.

“அப்புறம் நீங்களே சிஸ்டத்துல திருத்திட்டீங்களா?”

“இல்ல மேடம், எனக்கு அந்த பவர் கிடையாது. சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன். இன்னொருத்தரை வெச்சு ரெண்டாவது தடவை எண்ணி, ரெண்டு பேர் கையெழுத்து போட்டு அட்ஜஸ்ட்மென்ட் அனுப்பினோம். அதே சப்ளையர்கிட்ட வந்த மத்த ஐட்டத்தையும் பாத்தேன், இன்னும் ரெண்டு அதே மாதிரி இருந்துச்சு.”

அப்போதுதான் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வாயைத் திறந்தார். “அந்த ஜி.ஆர்.என். போட்டது யாரு?”

பையன் ஒரு நிமிஷம் பேசவில்லை. ஒரு நிமிஷம் என்பது பேச்சுக்கு, மூன்று செகண்ட் இருக்கும்.

“நான்தான் சார்.”

பேனா மூடி ‘டிக்’ என்று திறந்தது. அந்தச் சாயந்திரம் நாங்கள் தாள்களைப் பரப்பியபோது யாரும் அவன் பெயரைத் தேடவில்லை. “ஆயில் சீல்” என்றார் அவர், அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் பிரிவில் அவனுக்கு அந்தப் பெயர்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான்.

இதையே நான் எல்லாருக்கும் ‘தப்பை ஒத்துக்கொண்டால் வேலை கிடைக்கும்’ என்று சூத்திரமாகச் சொல்ல மாட்டேன். ஜோடித்த தப்பு சீக்கிரமே தெரிந்துவிடும். அவன் கதையில் எங்களுக்குப் பிடித்தது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடியிலும் நான் ‘அப்புறம்?’ என்று கேட்டால் அங்கே ஒரு பதில் இருந்தது. செய்தவனுக்குத்தான் அப்படி இருக்கும்.

நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். ஆயில் சீலுக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒருத்தரை எடுத்தோம். என்ன குரல், என்ன தெளிவு. கேள்வியை முடிப்பதற்குள் தலையாட்டுவார், பதிலுக்கு முன் ஒரு சின்னப் புன்னகை. ஆறு தலைப்பிலும் 5-க்கு 5 போட்டேன். மூன்றாவது மாதம் ஸ்டாக் எடுக்கச் சொன்னால், மனிதர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. சிஸ்டத்தில் இருந்த எண்ணையே பார்த்து ‘நேரில் எண்ணியது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். போல்ட், நட்டு வரைக்கும் ஒன்றுகூட இடிக்கவில்லை. அதில்தான் மாட்டினார். எந்தக் கிடங்கிலும் நட்டுக் கணக்கு அவ்வளவு அழகாக ஒத்துப்போகாது.

அன்றைக்குப் பழைய ஃபைலைத் தேடி அவருக்கு நான் மார்க் போட்ட தாளை எடுத்தேன். ஆறு இடத்திலும் 5. குறிப்பு எழுதும் கட்டத்தில் இரண்டே வார்த்தை: ‘நன்றாகப் பேசுகிறார்’. வேறு ஒன்றும் இல்லை. நேர்மைக்கும் 5, துல்லியத்துக்கும் 5, எதை வைத்துப் போட்டேன்? எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே எழுதிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருப்பவர்களுக்கு மார்க் போடும்போது, உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாம் வெவ்வேறு விஷயம் என்றாலும், ஒன்றில் உயர்ந்தவருக்கு மற்றதிலும் உயர்த்தியே போட்டிருக்கிறார்கள். ஒளிவட்டம் என்று பெயர். எனக்கு நூறு வருஷம் தாமதமாகப் புத்தி வந்தது. அதற்குப் பிறகு மார்க்குக்குப் பக்கத்தில் அவர் சொன்ன ஒரு சம்பவமாவது எழுதாமல் நான் எண் போடுவதில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி வரிசை என்ற முறையும் அப்போது வந்ததுதான். அப்படி ஒழுங்கு செய்த நேர்காணல்தான் வேலைத்திறனை முன்கூட்டிக் கணிப்பதில் முதலிடம் பிடித்தது என்று பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்து 2022-இல் ஒரு குழு சொன்னது.

இதைக் கேள்வி கேட்பவர்கள் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தாளில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதில் எழுத எனக்கு ஏதாவது கொடுங்கள்.

இனி என் சொதப்பல்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இன்னும் கூசுகிறது.

என் முதல் இன்டர்வியூவுக்குச் சுய அறிமுகத்தை ஒன்றரைப் பக்கம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்றாவது வரியில் ஒருத்தர், “அதெல்லாம் ரெஸ்யூமேல இருக்கும்மா, வேற சொல்லு” என்றார். எனக்கு நாலாவது வரி மறந்துபோய்விட்டது. நாலாவது வரியைப் பிடிக்க வேண்டுமானால் முதல் வரியிலிருந்து வர வேண்டும். வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தை மாதிரி மறுபடியும் “மை நேம் இஸ்” என்று ஆரம்பித்தேன். மூன்று பேரும் குனிந்துகொண்டார்கள்.

இரண்டாவது அதைவிட மோசம். ஒரு ஸ்டாக் சாஃப்ட்வேரின் பெயரை ரெஸ்யூமேயில் போட்டு ‘நன்கு தெரியும்’ என்று எழுதியிருந்தேன். தெரிந்ததெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் அதில் வேலை செய்வதைப் பார்த்ததுதான். பேனலில் இருந்த ஓர் அம்மா லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, “இந்த ஐட்டத்தை ஒரு லொகேஷன்ல இருந்து இன்னொரு லொகேஷனுக்கு மாத்திக் காட்டுங்க” என்றார். இரண்டு நிமிஷம் மெனு மெனுவாக மவுஸை ஓட்டினேன். யாரும் சிரிக்கவில்லை, திட்டவில்லை. “பரவாயில்ல” என்று லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பரவாயில்லைதான் இன்னும் வலிக்கிறது. பார்த்துத் தெரியும், கையால் செய்ததில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த லேப்டாப் திரும்பியே இருக்காது.

அதனால்தான் ‘தெரியாது’ என்று சொல்ல வெட்கப்படாதே என்று பையனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனால் அதையும் ஒரு பக்குவத்தோடு சொல்ல வேண்டும். “தெரியாது மேடம்” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். தெரியாததைச் சுற்றிச் சுற்றி வந்து பேசினால், எனக்கு அடுத்த பதிலிலும் சந்தேகம் வந்துவிடும். நான் நேரில் கேட்டதில் மிகவும் பிடித்தது ஒரு பெண் சொன்னது: “சைக்கிள் கவுண்ட் நான் செஞ்சதில்ல மேடம். வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா எண்ணுவோம், அதுல ரெண்டு வருஷம் இருந்திருக்கேன். நீங்க சொல்றது தினம் கொஞ்சம் கொஞ்சமா எண்ணுறதுன்னு நினைக்கிறேன், சரிதானா?” சரிதான். அவளுக்குத் தெரியாதது எங்கே ஆரம்பிக்கிறது, தெரிந்தது எங்கே முடிகிறது என்று கோடு கிழித்துக் காட்டிவிட்டாள். எண்ணிக்கை வேலைக்கு வேறென்ன வேண்டும்?

‘உங்க பலவீனம் என்ன?’ என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “நான் எதையும் பர்ஃபெக்டா செய்யணும்னு நினைப்பேன்” என்பார்கள், நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். மற்றவர்கள் கேட்டால், வேலையைப் பாதித்த ஒரு நிஜமான விஷயமும் அதற்கு நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் ஏற்பாடும் போதும். “எண்ணை அவசரத்துல மாத்திப் போட்டுடுவேன், அதனால அடிச்சதும் ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன்” என்று ஒருத்தர் சொன்னார். நானும் அன்றிலிருந்து வாய்விட்டுப் படிக்கிறேன்.

பழைய முதலாளியைத் திட்டாதீர்கள். அவர் திட்டு வாங்கத் தகுதியானவராகவே இருக்கலாம், ஆனால் நாங்கள் அவரைப் பார்த்ததில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் வேலை இல்லாமல் இருந்த மாதங்களைப் பற்றிக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உடம்பு சரியில்லை, குழந்தை, வேலை கிடைக்கவில்லை, எதுவானாலும். நீட்டினால்தான் துருவத் தோன்றுகிறது. வீடியோ காலில் இன்டர்வியூ என்றால் முகத்துக்கு முன்னால் வெளிச்சம், காதில் இயர்போன். படம் கொஞ்சம் மங்கினாலும் சமாளித்துவிடுவோம், குரல் விட்டு விட்டு வந்தால் முடியவே முடியாது. கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசுங்கள், லைன் தாமதத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொள்ள மாட்டோம்.

கடைசியில் “எங்களை ஏதாவது கேக்கணுமா?” என்போம். “நத்திங் மேடம்” என்றால் தப்பில்லை, ஆனால் வீணாய்ப்போன வாய்ப்பு. “முதல் மூணு மாசத்துல நான் எதை முடிச்சா நீங்க திருப்தியா இருப்பீங்க?” என்று ஒருத்தர் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம். அவர் முன்னாலேயே எங்களுக்குள் விவாதம் வந்து, அந்த வேலையில் என்ன எதிர்பார்க்கிறோம் என்று எங்களுக்கே தெரியாமல் இருந்தது வெளியே வந்துவிட்டது.

இதெல்லாம் சரி, பதினொன்றரை ஆகிவிட்டது, பையன் போனில் இன்னும் இருக்கிறான். “ஒரு தடவை நடத்திப் பாப்போம்” என்றேன்.

“உங்க ப்ராஜெக்ட் பத்தி சொல்லுங்க.”

“நாங்க ஐ.ஓ.டி. பேஸ்டு ஸ்மார்ட் டெம்பரேச்சர் மானிட்டரிங் சிஸ்டம் டெவலப் பண்ணோம். குளிர்பதனக் கிடங்குகள்ல...”

“நிறுத்து. நாங்கன்னா எத்தனை பேரு?”

“நாலு பேரு.”

“அதுல நீ என்னடா பண்ணே?”

அமைதி. பிறகு, “சென்சார் கனெக்‌ஷன் சித்தி. அது சின்ன வேலைதான்.”

“சொல்லு.”

“ஒண்ணுமில்ல, டி.எஸ்.18.பி.20னு ஒரு சென்சார். மாட்டினா மைனஸ் 127 டிகிரி காட்டுச்சு.”

“குளிர்பதனக் கிடங்குக்கே அது ஜாஸ்திதான்.”

சிரித்தான். அன்று முதல் முறையாக. “மூணு நாள் அதே மைனஸ் 127. சென்சார் செத்துப்போச்சுன்னு நெனச்சு வேற வாங்கினோம், அதுவும் மைனஸ் 127. மத்தவங்க கோட்ல தப்புன்னாங்க. எனக்கென்னமோ ரெண்டு சென்சாரும் ஒரே நம்பரைக் காட்டுதே, இது டெம்பரேச்சரே இல்ல, வேற எதையோ சொல்ல வருதுன்னு தோணுச்சு. தேடிப் பாத்தா, சென்சார் கிடைக்கலன்னா சென்சாரைப் படிக்கற சாஃப்ட்வேர் லைப்ரரி திருப்பித் தர்ற நம்பரே அதுதான். ஒயர்ல ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடணும், நாங்க போடல. போட்டதும் 31 டிகிரி வந்துச்சு. ரூம்ல கத்திட்டோம்.”

எனக்கு ஓம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் பேனாவை எடுத்து, பக்கத்தில் கிடந்த கரண்ட் பில்லின் பின்பக்கம் ‘மைனஸ் 127’ என்று எழுதியிருந்தேன். கவனித்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

“முதல் ரெண்டு இன்டர்வியூல இதைச் சொன்னியா?”

“இல்ல சித்தி. இது ஃபெயிலியர் மாதிரி இருக்குமேன்னு... ஸ்மார்ட் சிஸ்டம், கிளவுட் டாஷ்போர்டு அதெல்லாம்தான் சொன்னேன்.”

டாஷ்போர்டு செய்தது வேறு பையன். அதைப் பற்றி இரண்டாவது கேள்வி வந்தபோதெல்லாம் இவன் திணறியிருக்கிறான். பின்னே திணறாமல் என்ன செய்வான்?

அந்த மைனஸ் 127-ஐ இன்னும் இரண்டு தடவை சொல்ல வைத்தேன். நடந்த சூழ்நிலை, உன் பொறுப்பு, நீ செய்தது, விளைவு என்று பிரித்துச் சொல்லும் ஒரு முறை இருக்கிறது, ஸ்டார் என்பார்கள், அவனும் படித்திருந்தான். நல்ல முறைதான். ஆனால் முக்கால்வாசிப் பேர் சூழ்நிலையிலேயே முக்கால் நேரத்தைச் செலவழித்துவிட்டு, தான் செய்ததை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இவனும் முதல் தடவை அப்படித்தான், குளிர்பதனக் கிடங்குகளின் முக்கியத்துவத்தைப் பற்றி ஒரு நிமிஷம் பேசினான். “கிடங்கைப் பத்தி எனக்குத் தெரியும்டா, சென்சாருக்கு வா” என்றேன். மூன்றாவது தடவை ஒன்றரை நிமிஷத்தில் வந்துவிட்டது. நாலாவது தடவை வேண்டாம் என்று நானே நிறுத்திவிட்டேன். இன்னொரு தடவை சொன்னால் மனப்பாடம் ஆகிவிடும், என் கதி அவனுக்கும் வரும்.

“பயமா இருக்கு சித்தி.”

“இருக்கட்டும். ஆயில் சீலுக்கும் இருந்துச்சு.”

“அது யாரு?”

“நாளைக்குச் சொல்றேன், போய்த் தூங்கு.”

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு நான் இன்வாய்ஸ் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். பேனலில் இரண்டு பேர் இருந்தார்களாம். மைனஸ் 127 என்றதும் அதில் வயதானவர் சிரித்துவிட்டாராம், அவரும் பார்த்திருக்கிறார் போல. உடனே, “ஏன் 4.7? ரெசிஸ்டர் அங்கே என்னதான் செய்யுது?” என்று கேட்டாராம்.

“நீ என்னடா சொன்னே?”

“போட்டா வேலை செய்யும்னு தெரியும் சார், ஏன்னு சரியா தெரியாது, ஒயரோட வோல்டேஜை மேலே பிடிச்சு வைக்கறதுக்குன்னு நினைக்கிறேன், போய்ப் பாத்துக்கறேன்னு சொன்னேன்.”

“அவரு?”

“ஏதோ எழுதிக்கிட்டாரு. என்ன எழுதினாருன்னு தெரியல.”

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறான். அந்தச் சென்சாருக்கு ஒயரைக் கீழே இழுக்க மட்டும்தான் தெரியுமாம், திரும்ப மேலே தூக்குவது அந்த ரெசிஸ்டர் வேலையாம், அது இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளவே முடியாதாம். பத்து நிமிஷம் விளக்கினான். எனக்குப் பாதி புரிந்தது. நடுவில் இரண்டு இன்வாய்ஸைத் தப்பாக டிக் அடித்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படித்துத் திருத்தினேன். ரிசல்ட் அடுத்த வாரம் சொல்கிறார்களாம்.